காம்பு ஒடியாத அரசாணி

சிங்காநல்லூர்,
ஆடி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள சாமியாத்தாளுக்கு,

ஈஸ்வரமூர்த்தி எழுதுவது. இங்கே நானும் வீடும் செடிகளும் நலம். அங்கே அமெரிக்காவில் நீயும் பிரவீனாவும் மாப்பிள்ளையும், எல்லோருக்கும் மேலாகப் பேத்தி தேஜஸ்ரீக் குட்டியும் சௌக்கியமாக இருக்க மாகாளியம்மன் துணை இருப்பாள்.

கையில் போனை வைத்துக்கொண்டு எதற்குக் கடுதாசி என்று நீ சிரிப்பாய். நேற்று வீடியோவில் பேசினோமே, அதில் நீ சொன்ன ஒன்றும் எனக்கு விளங்கவில்லை. பஞ்சு மில்லில் நூல் நூற்கிற ரிங் பிரேம் சத்தத்துக்குக் கொடுத்துவிட்டு வந்த காது இது. நேரில் என்றால் உன் வாயசைவைப் பார்த்தே தெரிந்துகொள்வேன். போனில் உன் வாய் பாதியில் நின்றுபோகிறது, பேச்சு மட்டும் தனியாக ஓடுகிறது. காது மிஷினைப் பக்கத்தில் கொண்டுபோனால் விசில் அடிக்கிறது. நான் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டினேன். இந்த வீட்டை எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் பாத்திமுத்துவின் மகன் ரியாஸ், எழுதியதைப் படம் பிடித்துப் பிரவீனா போனுக்கு அனுப்புவது எப்படி என்று சொல்லிக்கொடுத்திருக்கிறான். நீயும் எழுதிப் படம் பிடித்து அனுப்பு.

நீ சொல்லிவிட்டுப் போனபடி ஆடிப்பட்டத்துக்கு விதை போட்டாயிற்று. பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் துணி முடிச்சு முடிச்சாக வைத்திருந்தாயே, எது எந்த விதை என்று ஒரு முடிச்சிலும் எழுதி வைக்கவில்லை. உனக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும் என்று நினைப்பு. வெண்டையும் அரசாணியும் எனக்கே தெரிந்தது. மற்றதைப் பாத்திமுத்து வந்து முகர்ந்து பார்த்து இது கத்தரி, இது தக்காளி என்று பிரித்துக் கொடுத்தது. கொத்தவரை என்று கொடுத்தது முளைத்து வந்தபோது வேறு என்னவோவாக இருக்கிறது. பிடுங்காமல் விட்டிருக்கிறேன், நீ வந்து பார்த்துக்கொள்.

அரசாணி விதையைத் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் குழி எடுத்து, இருகூரிலிருந்து ஒரு மூட்டை தொழுவுரம் வாங்கிப் போட்டு நட்டிருக்கிறேன். போர் மோட்டார் இரண்டு நாள் மக்கர் செய்ததால் செடிக்கெல்லாம் சிறுவாணித் தண்ணீர்தான் ஊற்றினேன். இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். குடிக்கிற தண்ணியைக் கொண்டுபோய்க் கத்தரிச் செடிக்கு ஊத்தறதுங்களா என்று நீ அங்கே நின்றுகொண்டு கத்துவது இங்கே தெரிகிறது.

மாப்பிள்ளை பரங்கிக்காய் என்பாரே, அந்த அரசாணி ஒன்றுதான் இந்தத் தோட்டத்தில் எனக்குப் பழக்கமான ஆள். நம் வீட்டில் முழுக் காயைப் பொம்பளை கை முதலில் வெட்டக் கூடாது என்பது என் அம்மா காலத்துக் கண்டிப்பு. நீயும் அதை விடவில்லை. காயைக் கழுவித் துடைத்துச் சாக்கின் மேல் உருட்டி வைத்துக்கொண்டு, "ஏனுங்க, வந்து ஒரு வெட்டுப் போட்டுட்டுப் போங்க" என்று கூப்பிடுவாய். என் காதுக்கு எட்ட வேண்டும் என்று நீ போடுகிற சத்தத்தில் தெரு முழுக்க நம் வீட்டில் இன்றைக்கு அரசாணிக்காய்ப் பொரியல் என்று தெரிந்துபோகும். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, ஏதோ பஞ்சாயத்துக்குப் போகிறவன் மாதிரி எழுந்து வருவேன். கொடுவாளால் ஒரே வெட்டு. காய் இரண்டாகப் பிளந்ததும் "போதுங்க, நீங்க போங்க" என்பாய். இத்தனை வருஷத்தில் சமையலுக்கு நான் செய்த உதவி அவ்வளவுதான். இப்போது நானே நட்டிருக்கிறேன் என்பதை மாப்பிள்ளையிடம் சொல்.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. ரசம் நன்றாக வருகிறது. வெள்ளிக்கிழமை பாத்திமுத்து ஏதாவது கொடுத்துவிடுகிறது. உடம்பைப் பார்த்துக்கொள். குழந்தையைக் குளிப்பாட்டும்போது குனிந்தே இருக்காதே, உன் இடுப்பு உனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ஈஸ்வரமூர்த்தி.


சிங்காநல்லூர்,
புரட்டாசி, இரண்டாம் சனி.

அன்புள்ள சாமியாத்தாளுக்கு,

காரமடைக்குப் போய் ரங்கநாதரைக் கும்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். கூட்டம் அதிகம். உன் பேரையும் பிள்ளைகள் பேரையும் சொல்லி வேண்டிக்கொண்டேன். போன வருஷம் உன்னோடு வந்தபோது எனக்குக் கால் வலித்தது, நீ விறுவிறுவென்று முன்னால் போனாய். இந்த வருஷம் கால் வலிக்கவில்லை. முன்னால் போகிற ஆள் இல்லாததால் நிதானமாக நடந்தேன்.

நீ கைப்பட எழுதின கடுதாசிப் படம் வந்தது. கொடி இப்படிப் படர்ந்தும் ஒரு காய்கூட நிற்கவில்லையே, பிஞ்சு பிஞ்சாக மஞ்சளாகி விழுகிறதே என்று நான் புலம்பினதற்கு நீ பக்கம் பக்கமாக விளக்கம் எழுதியிருந்தாய். அரசாணியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி, பெண் பூவுக்கு அடியில் குட்டிப் பிஞ்சு இருக்கும், வீடுகள் நெருங்கிப்போய்த் தேனீ வராததால் காலையில் வெயில் ஏறும் முன் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவுக்குள் தொட்டுவிட வேண்டும் என்று. நம் கொடியில் காய்த்ததெல்லாம் இத்தனை வருஷமாக நீ தொட்டுவிட்டுக் காய்த்ததா? என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லையே. நான் மண்ணைப் பாராட்டிக்கொண்டிருந்தேன்.

நீ எழுதினபடியே செய்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காலையில் கொடிக்கு நடுவில் நான் குனிந்து நிற்பதை மாடியிலிருந்து பார்த்துவிட்டு, மோதிரம் கீதிரம் விழுந்துவிட்டதா என்று ரியாஸ் கேட்டான். என்ன செய்கிறேன் என்று அவனுக்குச் சொல்ல எனக்குக் கூச்சமாகிவிட்டது. ஆமாம் என்று சொன்னேன். பாவம், அவனும் இறங்கி வந்து தேடினான். இப்போது மூன்று காய் பிடித்திருக்கிறது.

உன் கடுதாசி முழுக்கச் செடியும் குழந்தையும்தான். குட்டி சிரிக்கிறது, கவிழ்ந்து படுக்கிறது, அவரைக்குப் பந்தல் போடுங்க, சாம்பல் தூவுங்க. படித்து முடித்ததும் பேப்பரின் பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறாயா என்று திருப்பிப் பார்க்கத் தோன்றியது. போனில் வந்த படத்துக்குப் பின்பக்கம் ஏது?

பிரவீனா தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தது. மார்கழியில் நீ திரும்புகிற டிக்கெட்டைத் தள்ளிப்போட்டு, இன்னும் ஆறு மாசம் இருக்க அனுமதி கேட்டு மனுப் போடலாமா, அப்பா என்ன சொல்கிறீர்கள் என்று. பிரவீனா வேலைக்குப் போக வேண்டும், மாப்பிள்ளைக்கு ஊர் ஊராகப் போகிற வேலை, அவருக்கு அம்மாவும் இல்லை. கைக்குழந்தையை யாரிடம் விடும்? தாராளமாக இருந்துவிட்டு வரட்டும், எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை என்று உடனே பதில் போட்டுவிட்டேன். நீ என்ன சொன்னாய் என்று அது எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

மல்லிச் செடியைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. மொட்டைப் பறிக்காமல் விட்டால் செடி பூப்பதை நிறுத்திக்கொள்ளும் என்று நீ சொன்னதால் சாயங்காலம் சாயங்காலம் பறிக்கிறேன். முதலில் அப்படியே பாத்திமுத்துவிடம் கொடுத்தேன். இப்போது நானே தொடுக்கிறேன், நம்ப மாட்டாய். மில்லில் அறுந்த நூலை முடிந்து முடிந்து வளர்ந்த கை. பூ கொஞ்சம் நசுங்குகிறது, ஆனால் ஒரு பூ உதிராது, இழுத்துப் பார்த்துக்கொள்ளலாம். தொடுத்ததை வைக்க வீட்டுக்குள்ளேயே நல்ல இடமாகப் பார்த்துவிட்டேன். கொடி, பந்தல், உள் அறை எல்லாவற்றையும் படம் பிடித்து இத்துடன் அனுப்புகிறேன். பார்த்துச் சந்தோஷப்படு.

இப்படிக்கு,
ஈஸ்வரமூர்த்தி.


சிங்காநல்லூர்,
ஐப்பசி மாதம், மழை நாள்.

அன்புள்ள சாமியாத்தாளுக்கும் பிரவீனாவுக்கும்,

நடந்தது என்ன என்று நிதானமாக எழுதுகிறேன். இரண்டு பேரும் படியுங்கள்.

அன்றைக்குப் பிரவீனா வீடியோவில் கூப்பிட்டது. வாய் அசைகிறது, கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, எனக்கு ஒரு எழுத்தும் கேட்கவில்லை. குழந்தைக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று பதறிப் போனோடு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். செருப்புக்கூடப் போடவில்லை. ரியாஸ் வாங்கிப் பேசினான். பேசிக்கொண்டே என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு பாத்திமுத்து நம் வீட்டுக்குள் வந்து, உள் அறையில் நம் கல்யாணப் படத்தைப் பார்த்துவிட்டு வாயில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டது.

"ஏனுங்கண்ணா, உசுரோட இருக்கறவங்க படத்துக்குப் போய்ப் பூப்போடுவாங்களா? அதுவும் ரெண்டு பேரும் இருக்கற படத்துக்கு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சத்தியமாக அதற்கு முன் உறைக்கவில்லை. செத்தவர்கள் படத்துக்குத்தான் பூ என்று இந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அந்த நேரத்தில் தெரியவில்லை. தொடுத்த பூ கையில் இருந்தது. உன் தலையில் வைக்க வேண்டிய பூ. தலை டல்லாஸில் இருக்கிறது. சாமிக்கு வைத்தது போக மிச்சத்தை வேறு எங்கே வைப்பது? படத்தில் நீ தலை நிறையப் பூவோடுதான் நிற்கிறாய், அதன் மேல் போட்டால் பொருத்தமாக இருக்கும் என்று போட்டேன். பார்க்க நன்றாகவும் இருந்தது. அதனால்தான் படம் பிடித்தே அனுப்பினேன். கெட்ட எண்ணம் உள்ளவன் படம் பிடித்து அனுப்புவானா, நீங்களே சொல்லுங்கள்.

பாத்திமுத்து பூவை எடுத்துக் கிணற்றில் போடச் சொன்னது. கிணறு எங்கே இருக்கிறது, கறிவேப்பிலைச் செடி அடியில் போட்டேன். மாகாளியம்மன் கோவிலுக்குப் போய் உன் பேரில் அர்ச்சனையும் செய்தேன். சாமியாத்தா, நீ நூறு வயசு இருப்பாய். இதை மனசில் வைத்துக்கொள்ளாதே. அதற்குப் பிறகு உன்னிடமிருந்து எழுத்தே வரவில்லை. திட்டியாவது எழுதியிருக்கலாம்.

பிரவீனா சொன்ன இடத்துக்கு ரியாஸை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். வயசானவர்களுக்கென்று கட்டின வீடுகள். ஊருக்கு வெளியே மலை தெரிகிற இடம். சுத்தமாக இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், மூன்று வேளையும் சாப்பாடு. பால்கனியில் இரண்டு தொட்டி வைத்துக்கொள்ளலாமாம். எல்லோரும் அன்பாகப் பேசினார்கள் என்று ரியாஸ் சொன்னான். அப்பா தனியாக இருந்து புத்தி தடுமாறுகிறது என்று பிரவீனாவுக்குப் பயம். பெற்ற பெண்ணுக்கு அந்தப் பயம் வரத்தான் செய்யும், அதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. தைக்குள் முடிவு சொல்கிறேன் என்று வந்திருக்கிறேன்.

மூன்று அரசாணியில் ஒன்றை எலி கடித்துவிட்டது. ஒன்று மழையில் அழுகியது. ஒன்று நன்றாகத் திரண்டு தோல் கெட்டியாகிவிட்டது. நகம் வைத்தால் இறங்கவில்லை. காம்பு ஒடியாமல் அறுத்துக் கொண்டுவந்து அரிசி டிரம் மேல் வைத்திருக்கிறேன். பாத்திமுத்து அல்வா கிண்டலாம் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டது. இன்னும் பழுக்கவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

அங்கே எல்லார் வீட்டு வாசலிலும் அரசாணியைச் சும்மா வைத்திருக்கிறார்கள் என்று பிரவீனா படம் அனுப்பியிருந்தது. மூஞ்சி மாதிரி செதுக்கி உள்ளே விளக்கு வைக்கிறார்களாம். எவ்வளவு பெரிய காய், ஒருத்தரும் தின்பதில்லையாமே. அதை யார் வெட்டுகிறார்கள் என்று கேட்டுச் சொல்.

இப்படிக்கு,
ஈஸ்வரமூர்த்தி.


சிங்காநல்லூர்,
கார்த்திகை மாதம், திங்கள்கிழமை.

என் சாமியாத்தாளுக்கு,

இந்தக் கடுதாசியைப் படம் பிடிக்கவில்லை. தபாலாபீசுக்குப் போய், உறை வாங்கி, உன் பேர் மட்டும் எழுதி ஒட்டி அனுப்புகிறேன். வந்து சேரக் கொஞ்ச நாளாகும், ஆனால் உன் டிக்கெட் தேதிக்கு முன் வந்துவிடும் என்று போய் விசாரித்தபோது தபாலாபீஸ் அம்மா சொன்னது. பிரவீனா கையில் கொடுத்தால் நீயே பிரித்துக்கொள். இத்தனை நாள் எழுதினதெல்லாம் பெண்ணும் படிக்கும் என்று எழுதினது. இது உனக்கு.

உன் நாலு வரி வந்தது. "பூ விசயத்துல எனக்கு ஒண்ணும் கோவமில்லீங்க. நான் இல்லாதப்ப பூத்தொடுத்தீங்களே, அதே பெருசு. மனு போடறதுக்குக் கையெழுத்துக் கேக்கறாங்க. நீங்க என்ன சொல்றீங்களோ அதுங்க." அந்தக் கடைசி வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை.

அம்மணி, நாம் இரண்டு பேரும் மரியாதை பார்த்தே கெட்டோம். அவர் கூப்பிட்டால் போகலாம் என்று நீ இருக்கிறாய். அவளாக வருகிறேன் என்றால் வரட்டும் என்று நான் இருக்கிறேன். நடுவில் பிரவீனா இரண்டு பேருக்கும் சம்மதம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. அதைக் குற்றம் சொல்ல முடியுமா? தாராளமாக இருக்கட்டும் என்று கை நிறைய எழுதிக் கொடுத்தவன் நான்தானே.

உண்மையைச் சொல்கிறேன். ரசம் நன்றாக வரவில்லை. ஒரு நாளும் நன்றாக வரவில்லை. வெண்டைக்காயைப் பறித்து என்ன செய்வதென்று தெரியாமல் முற்ற விட்டுவிட்டேன். தக்காளியைத் தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் கொடுக்கிறேன். வாங்குவதற்காக நிற்கிறார்களே, அந்த நேரம் ஒரு ஆள் முகத்தைப் பார்க்கலாம் என்றுதான் கொடுக்கிறேன். காது மிஷினைக் கழற்றி அலமாரியில் வைத்து மாசக் கணக்காகிறது. யார் பேச்சைக் கேட்பதற்கு மாட்டிக்கொள்வது? காலையில் எழுந்து கொடிக்குத் தண்ணீர் விட்டால் பொழுது நிறைய மிச்சம் இருக்கிறது. நீ வீட்டில் இருந்தபோதும் நாம் ஒன்றும் பெரிதாகப் பேசிக்கொண்டதில்லை. அதனால் நீ போனால் பெரிய வித்தியாசம் இருக்காது என்று நினைத்திருந்தேன். எனக்கு நீ இல்லாமல் முடியவில்லை, சாமியாத்தா.

குழந்தையை விட்டுவிட்டு வா என்று சொல்லவும் எனக்கு வாயில்லை. அது உன் மடியில்தான் தூங்குகிறது என்று தெரியும். பிரவீனாவைப் பார்க்கவும் பாவமாக இருக்கிறது. நீ யோசித்துச் செய். இருக்கத்தான் வேண்டும் என்றால் கையெழுத்துப் போடு, நான் அந்த மலை தெரிகிற வீட்டுக்குப் போய்விடுகிறேன். இரண்டு தொட்டியில் ஒன்றில் மல்லி வைத்துக்கொள்வேன். முகம் தூக்க மாட்டேன், என்னைத் தெரியும் உனக்கு. கொஞ்சம் தூக்குவேன்.

ஆனால் அந்த அரசாணியை என்ன செய்வதென்று ஒரு முடிவு சொல். அரிசி டிரம் மேல் அப்படியே இருக்கிறது. சாமி அறைக்குப் போகும்போதும் வரும்போதும் கண்ணில் படுகிறது. நல்ல மஞ்சளாகிவிட்டது. நேற்றுப் பாத்திமுத்து மறுபடியும் கேட்டது, வெட்டப்போகிறீர்களா இல்லையா என்று. கொடுவாளையும் எடுத்துவிட்டேன். காயைச் சாக்கின் மேல் உருட்டி வைத்தேன். குனிந்தேன். கை வரவில்லை. இத்தனை வருஷத்தில் நானாகப் போய் ஒரு காயையும் வெட்டினதில்லையே. திரும்ப எடுத்து டிரம் மேலேயே வைத்துவிட்டேன். பாத்திமுத்து சாக்கை மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டது.

முழுக் காயாக உனக்கே அனுப்பிவிடலாம் என்று ரியாஸிடம் கேட்டேன். விமானத்தில் ஏற்ற விட மாட்டார்களாம்.

அதனால் அது இங்கேயே இருக்கும். காம்பு ஒடியாமல் இருந்தால் அரசாணி தை வரைக்கும், அதற்கு மேலும் கெடாது என்று நீதான் சொல்லியிருக்கிறாய். தினம் துடைத்து வைக்கிறேன். கொடுவாளைத் தீட்டியாயிற்று. காது மிஷினுக்கும் இன்றைக்குத்தான் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க்கடையில் புது பேட்டரி வாங்கிப் போட்டு மாட்டிக்கொண்டிருக்கிறேன். குக்கர் சத்தம் இவ்வளவு பெரிசு என்று மறந்தே போயிருந்தேன்.

தேஜஸ்ரீக் குட்டி நோய்நொடி இல்லாமல் வளரட்டும். பிரவீனாவும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கட்டும். நீ எங்கே இருந்தாலும் தலை நிறையப் பூவோடு இரு.

நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அடுப்படியிலிருந்து ஏனுங்க என்று கூப்பிடு, வருகிறேன்.

உன்,
ஈஸ்வரமூர்த்தி.